எண்பத்தேழு நீலச் சுவிட்சுகள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆபீஸாம். அந்த ஆபீஸிலே இரண்டே இரண்டு மேசையாம். ஒரு மேசை நாள் பூராச் சத்தம் போடுமாம், இன்னொரு மேசை வாயே திறக்காதாம்.

சிரிக்காதீர்கள் அண்ணா. அப்புச்சியிடம் கதை கேட்டு வளர்ந்தவன் நான். எதையும் நேராகச் சொல்ல வராது எனக்கு. நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். "இவ்வளவு நல்ல கீபோர்டை ஏன் சும்மா தர்றீங்க, ஏதாச்சும் கீ வேலை செய்யலையா" என்று கேட்டீர்கள். எண்பத்தேழு கீயும் வேலை செய்கிறது. பெட்டியைத் திறந்து இங்கேயே அடித்துப் பாருங்கள். பேக்கரியில் ஜூஸ் மிக்ஸி ஓடுகிற சத்தத்தில் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேண்டாமா? சரி, டீ வரட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து இதற்காக வந்திருக்கிறீர்கள். காரணம் சொல்லாமல் கையில் திணித்து அனுப்பினால் நன்றாக இருக்காது.

எங்கள் ஆபீஸ் இங்கேதான், பீளமேட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில். மோட்டார் பம்பு வாங்கினால், கிரைண்டர் வாங்கினால், பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் படிக்காமல் பரணில் போடுகிற புத்தகம், அதைத் தமிழில் எழுதித் தருகிற ஆபீஸ். எழுதுவது நான். சரிபார்ப்பது பரிமளா அக்கா. நான் அடிக்கிற ஒவ்வொரு பக்கமும் பிரிண்டாகி அக்கா மேசைக்குப் போகும். சிவப்புப் பேனாவில் கோடு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். "இந்தப் புத்தகத்தை ஊர் உலகத்துல படிக்கறவ நான் ஒருத்திதான் அருணகிரி. எனக்காகவாச்சும் ஒழுங்கா எழுதுங்க" என்பார். அப்படித்தான் பேசுவார். சத்தமே வராது, நமக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒருமுறை கிரைண்டர் புத்தகத்தில் "சுவிட்சை அணைத்த பின் கையை உள்ளே விடவும்" என்று எழுத வேண்டிய இடத்தில் "அணைக்காமல்" என்று அடித்துவிட்டேன். இரண்டு புத்தகத்துக்கு நடுவில் எதையோ யோசித்துக்கொண்டு அடித்தது. அக்கா அந்த வரியைச் சுழித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "யாரோ ஒருத்தர் விரல் தப்பிச்சுது" என்றார். அவ்வளவுதான். சாரிடம் போய்ச் சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

சார் என்றால் திருமூர்த்தி சார். முதலாளி. சோமனூர்க்காரர். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பதினாறு விசைத்தறி ஓட, அந்தச் சத்தத்தில் தொட்டில் கட்டி வளர்த்தார்களாம். "தறி ஓடிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் தம்பி. பதினாறுல ஒண்ணு நின்னாலும் முழிச்சுக்குவேன். எந்தத் தறின்னு படுத்த இடத்துலயே சொல்லிப்போடுவேன்" என்பார். தறியை எல்லாம் அண்ணன்கள் எடுத்துக்கொண்டார்கள், இவர் ஆபீஸ் வைத்தார். ஆனால் காது மட்டும் சோமனூரிலேயே இருந்தது. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். வெளியே அதிகம் வரமாட்டார். எங்கள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்ததே இல்லை. காதால்தான் ஆபீஸ் நடத்தினார். இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். பிறகுதான். முதலிலேயே தெரிந்து செய்தேன் என்று நினைக்காதீர்கள்.

கீபோர்டு கதைக்கு வருகிறேன். ஆபீஸில் தந்திருந்தது தட்டைக் கீபோர்டு. அடித்தால் டீயில் ஊறின பிஸ்கட்டை அழுத்துகிற மாதிரி இருக்கும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் நம் கீபோர்டுக் குழுவில் இருப்பவர்தான். நான் ஆறு மாதம் வீடியோவாகப் பார்த்தேன். பிறகு கீக்கு அடியில் இருக்கிற சுவிட்சில் ஒன்பது வகை வைத்த சின்னப் பலகை இருக்கிறதே, அழுத்திப் பார்ப்பதற்கு, அதை வரவழைத்து மேசையில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அதோடுதான் குடித்தனம். சிவப்புச் சுவிட்ச் நேரே இறங்கிவிடுகிறது, எப்போது எழுத்து விழுந்தது என்றே தெரியாது. பழுப்பில் நடுவழியில் ஒரு சின்ன மேடு, விரலுக்கு மட்டும் தெரிகிற மேடு. நீலத்தில் அந்த மேட்டில் ஏறி இறங்கும்போது ஒரு சொடுக்கு. விரலுக்கும் சொல்லும், காதுக்கும் சொல்லும்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து அக்காவும் அழுத்திப் பார்த்தார்.

"இந்தப் பழுப்பு நல்லா இருக்கே. தொட்டாத் தெரியுது, அடுத்தவங்களுக்குத் தெரியலை."

"நீலம் எப்படீங்க்கா இருக்கு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க தட்டிட்டுப் போயிருவீங்க, நாள் பூராப் பக்கத்துல உக்காந்து கேக்கறவ நானு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். நீலம் வாங்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

வந்த பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. ஸ்பேஸ்பார் தகரம் ஆடுகிற மாதிரி ஆடியது. அதன் அடியில் இருக்கிற கம்பியைக் கழற்றிப் பிரஷ்ஷால் கிரீஸ் தடவினேன். உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகைக்கு அடியில் மூன்று அடுக்கு டேப் ஒட்டினேன், கூட்டுக்குள் ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் மாட்டி முதல் வரி அடித்தேன் அண்ணா. நான் தமிழ்99 அடிக்கிறவன். உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் எல்லாம் வலது கையில். ஒரு சொல் அடித்தால் இரண்டு கையும் மாறி மாறி விழும். நீலச் சுவிட்சில் அது ஜமாப் மேளம் அடிக்கிற மாதிரி இருந்தது. பம்பு செட்டின் பாகங்கள் என்று அடிக்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. சொன்னால் வெளியில் யாருக்கும் புரியாது. உங்களுக்குப் புரியும்.

அரைமணி நேரத்தில் தடுப்புக்குப் பின்னாலிருந்து சார் எழுந்து வந்தார். அவர் வந்தாலே நாங்கள் எழுந்து நிற்போம்.

"உக்காரு உக்காரு. என்ன தம்பி, புதுத் தறியா?"

"கீபோர்டுங்க சார்."

"ஓட்டு. நல்லா ஓடுது." என் தோளில் தட்டிவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான், அண்ணா, நான் கொஞ்சம் மாறிப்போனேன். எங்கள் வேலை எப்போதும் இருக்காது. ஒரு கம்பெனி படம் அனுப்பினால் எழுதுவோம், அனுப்பாவிட்டால் காத்திருப்போம். முன்பெல்லாம் காத்திருக்கும்போது காத்திருப்பேன். இப்போது சும்மா இருக்கக் கை வரவில்லை. அப்புச்சி சொன்ன கதைகளை அடித்தேன். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி. அதே வரியை நாற்பது தடவை, ஐம்பது தடவை. அடித்து, அழித்து, அடித்து. அந்தப் பக்கம் சார் ஃபோனில் யாரிடமோ, "பையன் ஒருத்தன் இருக்கறான், நிறுத்தறதே இல்லை" என்று சொல்வது கேட்கும். இன்னும் வேகமாக அடிப்பேன். அது பொய் சொல்வது ஆகுமா? நான் வேலை செய்கிறேன் என்று வாயால் ஒருநாளும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில்தான் அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டேன். சளி என்றார். சளியாகத்தான் இருக்கும்.

ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "அருணகிரி, காலைல பத்துல இருந்து அடிச்சுட்டே இருந்தீங்களே, என் மேசைக்கு ஒரு பக்கம்கூட வரலையே" என்றார்.

இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டேன். பாருங்கள், என் பக்கமெல்லாம் போய்ச் சேருகிற இடம் அவர் மேசைதான். நான் என்ன அடிக்கிறேன், எவ்வளவு அடிக்கிறேன் என்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"கை பழகறேங்க்கா" என்றேன்.

"பழகுங்க பழகுங்க" என்று தொட்டுக்கொள்ளத் தன் சட்னியை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்கு அடுத்த வாரம் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "ஏந் தம்பி, உன் பக்கம் ஓடுது. அந்தப் பக்கம் ஒரு தறி நின்னே கெடக்குது. அந்தம்மா என்னதான் பண்ணுது?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சரிபார்க்கிறவர் கை சத்தம் போடாது சார். பேனா சத்தம் போடாது. நான் பத்துப் பக்கத்தில் செய்கிற இருபது தப்பை அவர் உட்கார்ந்து எடுக்கிறார். உங்கள் கிரைண்டரில் யாரோ ஒருவர் விரல் போகாமல் இருப்பது அவரால். இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. நான் சொன்னது என்ன தெரியுமா?

"தெரியலீங்க சார். நான் என் வேலையைப் பாத்துட்டு இருப்பேன்."

அக்கா என்னைப் பற்றிச் சாரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் அப்படிச் சொன்னதாக நினைக்காதீர்கள். அதற்காக இல்லை. திடீரென்று கேட்டதும் வாயில் வந்தது அதுதான்.

வரும் மாதம் முதல் வரவேண்டாம் என்று சார் அக்காவிடம் சொல்லிவிட்டார். "ஒரே ஆள் ஓட்டற எடத்துல ரெண்டு ஆள் எதுக்கும்மா" என்று கேட்டாராம். அக்கா அழவில்லை. வந்து உட்கார்ந்து கையிலிருந்த பக்கத்தை முடித்தார். முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

"அருணகிரி, நான் சும்மா உக்காந்திருந்தேன்னு சார் நெனைக்கறார். நான் என்ன வேலை செஞ்சேன்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்க மேல அவருக்கு நல்ல மதிப்பு இருக்கு. ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"சொல்றேங்க்கா" என்றேன்.

உடனே எழுந்தேன். அதைச் சொல்ல வேண்டும். உடனே எழுந்து உள்ளே போனேன். சொல்லத்தான் போனேன். சார் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்து, "வா தம்பி, உன்னைத்தான் நெனைச்சேன், உன்ன மாதிரி இன்னொருத்தன் கெடைப்பானா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த முகத்திடம் என்ன சொல்வது? அக்கா வேலை செய்கிறார் என்று சொன்னால், அப்போது சத்தம் என்ன என்று கேட்பார். நான் ஏழு கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஏசி கொஞ்சம் கொறைச்சு வைக்கலாங்களா சார்" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேங்க்கா."

"என்ன சொன்னார்?"

"அவர் முடிவு பண்ணிட்டாருங்க்கா."

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "போனாப் போகுது. நீங்களாச்சும் கேட்டீங்களே. எத்தனை பேர் கேப்பாங்க" என்றார். கடைசி நாளன்று மேசையைத் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில், ஹாட் பாக்ஸ், பேனா எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு பொட்டலம் கச்சாயம் கொண்டுவந்து வைத்தார். மகளோடு உட்கார்ந்து சுட்டதாம். "எனக்காகப் பேசினதுக்கு" என்றார்.

அதைச் சாப்பிட்டேன் அண்ணா. என்ன செய்வது, நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு இந்தக் கீபோர்டில் கை வைத்தாலே என்னவோ போல் இருக்கிறது. பக்கத்து மேசை காலியாக இருக்கும்போது ஒவ்வொரு சொடுக்கும் தனியாகக் கேட்கிறது. ஒரு வாரம் பழைய தட்டைக் கீபோர்டையே மாட்டினேன். சார் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா தம்பி, தறி நின்னுபோச்சே" என்கிறார். அவருக்கு அப்படித்தான். அதனால் வேறு ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். உள்ளே பித்தளைத் தகடு, சத்தம் இதைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும் என்கிறார்கள். ஆபீஸில் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா. ஆனால் இதை வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. இதை விற்றுச் சம்பாதிப்பதும் தப்பு என்று பட்டது. அதனால்தான் சும்மா தருகிறேன் என்று குழுவில் போட்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

ஒரு நிமிடம். ஃபோன். இல்லை, எடுக்க வேண்டியதில்லை. நேற்றும் இதே நம்பர் இரண்டு தடவை வந்தது. யாரென்று தெரியும் அண்ணா, அதனால்தான். சரவணம்பட்டியில் ஒரு பதிப்பகம். அக்கா அங்கே வேலை கேட்டிருக்கிறார். கூட வேலை செய்த யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்றார்களாம். அக்கா எனக்கு மெசேஜ் போட்டிருந்தார், பாருங்கள், இதோ. "உங்க நம்பர் குடுத்திருக்கேன் அருணகிரி. சார்கிட்டயே எனக்காகப் பேசினவர் நீங்க."

எடுக்கச் சொல்கிறீர்களா? இப்போதேவா? சரி. சரி அண்ணா, நீங்கள் சொல்வதும் நியாயம்தான்.

"வணக்கங்க... ஆமாங்க, அருணகிரிதான் பேசறேன்... ஆமாங்க, பக்கத்து மேசை. ரெண்டு வருஷத்துக்கு மேல... ரொம்ப நல்லாச் செய்வாங்க. ஒரு தப்பை விடமாட்டாங்க, நான் எழுதினதை எல்லாம் அவங்கதான் சரி பண்ணுவாங்க... ஆமாங்க... ஏன் நின்னாங்கன்னா... அதுங்க... வீட்டுல ஏதோ சூழ்நிலைன்னு நெனைக்கறேங்க. அவங்களாத்தான் நின்னுக்கிட்டாங்க... அப்படீங்களா... அவங்க அப்படியா சொன்னாங்க... இல்லீங்க, எனக்கு அது சரியாத் தெரியலீங்க... சரீங்க. வச்சிடறேங்க."

பார்த்தீர்களா, நல்லபடியாகத்தான் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று சொன்னால் அவருக்குத்தானே கெட்ட பெயர்? அதை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

ஃபோனில் பேசின பதிப்பகத்து அம்மா என்ன சொன்னாரா? அது வந்து... அக்கா பதிப்பகத்தில் எதையும் மறைக்கவில்லையாம். "நான் வேலை செய்யலைன்னு நெனைச்சு நிறுத்திட்டாங்க. அது உண்மை இல்லை, பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். "அவங்க ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க, எங்களுக்குப் பொய் சொல்ற ஆள் வேண்டாங்க, யோசிச்சுக்கறோம்" என்று அந்தப் பதிப்பகத்து அம்மா வைத்துவிட்டார்.

அக்கா என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் இப்படிச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று. மெசேஜில் ஒரு வரிதானே.

திருப்பிக் கூப்பிடுவதா? இப்போது என்ன அண்ணா, சனிக்கிழமை, மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். இப்போதுதான் பேசினார்கள் என்பது சரி. ஆனால் உடனே கூப்பிட்டு மாற்றிச் சொன்னால் என்னையும் நம்ப மாட்டார்கள். திங்கட்கிழமை நிதானமாகப் பேசுகிறேன். எப்படிச் சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறேன். நீங்கள் கூட இருக்கிறீர்களா? இன்னொரு டீ சொல்லட்டுமா? உங்களுக்கு நேரமாகிறது என்றால் வேண்டாம். இருக்கிறீர்களா, சரி.

டீ வரும் வரைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துபோகும். இதில் ஸ்பேஸ்பார் கம்பிக்குக் கிரீஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அதிகம் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குச் சின்ன இடுக்கி பெட்டியிலேயே இருக்கிறது. வலது பக்கத்து ஷிஃப்ட் கொஞ்சம்...

எழுந்துவிட்டீர்களே. டீ வந்துகொண்டிருக்கிறது. பெட்டி, அண்ணா, பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லையே. போன வாரம் திருப்பூரிலிருந்து வந்தவரும் இப்படித்தான், முழுக்கக் கேட்டுவிட்டு, மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் அதிகம் என்று யோசிக்கிறீர்களா? டேப் ஒட்டியிருக்கிறேன், அவ்வளவு இருக்காது.

சரி அண்ணா, கூப்பிடுகிறேன். இதோ பாருங்கள், நம்பரை எடுத்துவிட்டேன். என்னால்தான் போனார், நான்தான் சாரிடம் சொல்லவில்லை, அக்கா சொன்னதுதான் உண்மை. மூன்று வரி. நீங்கள் ரோட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவேன். கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் வரவேண்டாம், அங்கேயே நின்றால் போதும். நீங்கள் நின்றால் சொல்லிவிடுவேன் அண்ணா.

தாண்டிவிட்டார்.